கையெழுத்துப் போடுவதா, காத்திருப்பதா? ஆல்டடினா தீயும் எடிசன் நீட்டும் காசோலையும்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய ஆல்டடினாவில் 2025 ஜனவரியில் வீட்டைத் தீக்குப் பறிகொடுத்தவர்கள் இரண்டு தேதிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். ஒன்று 2026 நவம்பர் 30. சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் என்ற மின் நிறுவனம் தானாக முன்வந்து அறிவித்த இழப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பிக்க அதுவே கடைசி நாள். மற்றது 2027 ஜனவரி. தீக்கு அதன் கம்பிதான் காரணம் என்று அதே நிறுவனத்தின் மீது குவிந்திருக்கும் வழக்குகளில் முதல் விசாரணைக்கு லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் குறித்த மாதம். இடைவெளி இரண்டு மாதத்துக்கும் குறைவு. ஆனால் எது முதலில் வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தீ எப்படிப் பிடித்தது, யார் தவறு என்று சாட்சிக் கூண்டில் ஒருவர்கூட வாய் திறப்பதற்கு முன்பே, வழக்காடும் உரிமையை விலைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துவிட வேண்டும்.

கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கையிலிருக்கும் களாக்காய் மேல் என்பது நம் பாட்டிமார் கணக்கு. இங்கே அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. களாக்காயும் சின்னதல்ல, பலாக்காய் எவ்வளவு பெரிது, எந்த வருஷம் பழுக்கும் என்றும் யாருக்கும் தெரியாது.

ஊரும் தீயும்

2025 ஜனவரி 7. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மலையடிவாரத்தில் சாண்டா ஆனா எனப்படும் வறண்ட காற்று புயல் வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது. காலையிலேயே கடலோரத்தில் பாலிசேட்ஸ் தீ கிளம்பிவிட்டதால் எல்லோர் கண்ணும் அங்கே இருந்தது. மாலை ஆறேகாலைத் தாண்டியபோது ஈட்டன் பள்ளத்தாக்கில் ஒரு மின்கோபுரத்தின் அடியில் தீ தெரிந்தது. மறுநாளுக்குள் ஆல்டடினாவின் பெரும்பகுதி சாம்பல். 19 பேர் இறந்தார்கள். 9,400-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஏறத்தாழ 14,000 ஏக்கர் எரிந்து, மாதக் கடைசியில்தான் தீ முழுக் கட்டுக்குள் வந்தது.

ஆல்டடினாவுக்கு நகராட்சியோ மேயரோ கிடையாது. நேராகக் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகத்தின் கீழ் இருக்கும் ஊர். சுமார் 42,000 பேர். மற்ற இடங்களில் கறுப்பினத்தவருக்கு வீட்டுக்கடன் கொடுக்க வங்கிகள் மறுத்த காலத்தில், லேக் அவென்யூவுக்கு மேற்கே அவர்களால் வீடு வாங்க முடிந்தது. அப்படி வாங்கிய வீடுகள் பிள்ளைக்கும் பேரனுக்கும் வந்தன. தீ நாளன்று அந்த மேற்குப் பகுதிக்கு வெளியேறச் சொல்லும் உத்தரவு போய்ச் சேர்ந்தபோது மணி பின்னிரவு மூன்றைத் தாண்டியிருந்தது. இறந்த 19 பேரில் 18 பேர் அந்தப் பக்கத்தவர்கள். தீக்குப் பின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் எடுத்த கணக்கு ஒன்று இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியம்: ஆல்டடினாவில் சொந்த வீடு வைத்திருந்த கறுப்பினத்தவரில் 57 விழுக்காட்டினர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

முப்பது வயதுக்காரருக்கு ஐந்து வருட வழக்கு ஓர் எரிச்சல். எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு அது வேறு கேள்வி. இழப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிய பேச்சில் டாலர் எண்ணிக்கை அடிபடும் அளவுக்கு இந்த வயதுக் கணக்கு அடிபடுவதில்லை. ஆனால் எடிசன் நீட்டும் காசோலையில் உண்மையில் விற்கப்படும் சரக்கு நேரம்தான்.

ஐம்பது வருடம் சும்மா கிடந்த கம்பி

ஈட்டன் பள்ளத்தாக்கின் மேலே எடிசனின் உயர் அழுத்த மின்பாதைகள் போகின்றன. அவற்றோடு, 1971-க்குப் பிறகு பயன்பாட்டில் இல்லாத ஒரு பாதையும் கழற்றப்படாமல் நின்றது. தீ தெரிவதற்குச் சில நிமிடம் முன்பு, 6.11 மணிக்கு, சில மைல் தள்ளி வேறொரு பாதையில் பழுது ஏற்பட்டது. அதன் விளைவாகப் பள்ளத்தாக்கு வழியே போகும் பாதைகளில் மின்னோட்டம் ஒரு கணம் எகிறியது. பள்ளிக்கூட இயற்பியலில் படித்த மின்காந்தத் தூண்டலை நினைவுபடுத்திக்கொண்டால் மற்றது புரிந்துவிடும். பக்கத்துக் கம்பியில் மின்னோட்டம் திடீரென்று மாறினால், எதோடும் இணைக்காமல் தொங்கும் கம்பியிலும் மின்சாரம் பிறக்கலாம். அந்தப் பழைய கோபுரத்தின் தரையிணைப்புப் பகுதியில் பொறி பறந்ததற்கான அறிகுறி போலத் தென்படும் தடயங்களும் கிடைத்தன. செத்த பாம்பென்று விட்டுவைத்தது கடித்துவிட்டதா என்பதே கேள்வி.

எடிசனின் தாய் நிறுவனத் தலைவர் பெட்ரோ பிசாரோ இந்த விளக்கத்தை மறுக்கவில்லை. முன்னணியில் இருக்கும் சாத்தியம் இதுதான் என்ற அளவுக்கு வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். ஆனால் சாத்தியம் என்பதற்கும் குற்றம் என்பதற்கும் நடுவே ஒரு நீதிமன்றம் இருக்கிறது. அந்தக் கம்பியை ஏன் அரை நூற்றாண்டாகக் கழற்றவில்லை, தரையிணைப்பைச் சரியாகச் சோதித்தார்களா, அன்றைய காற்றில் தெருக்களுக்குப் போகும் சில விநியோகப் பாதைகளில் மின்சாரத்தை நிறுத்தியவர்கள் பள்ளத்தாக்கின் உயர் அழுத்தப் பாதைகளை ஏன் ஓடவிட்டார்கள் என்பவை எல்லாம் இனிமேல்தான் கேட்கப்பட வேண்டியவை.

கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியும் பாசடினா, சியாரா மாட்ரே நகரங்களும் 2025 மார்ச்சிலேயே வழக்குப் போட்டன. செப்டம்பரில் அமெரிக்க மத்திய அரசும் சேர்ந்துகொண்டது. 2026 ஜனவரியில் எடிசன் திருப்பி அடித்தது. கவுண்டியையும் வேறு சிலரையும் வழக்கில் இழுத்து, சேதத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்றது. வெளியேற்ற உத்தரவு தாமதமானது கவுண்டியின் பொறுப்புத்தானே என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் இப்படிப் பிரதிவாதிகள் கூடக்கூட வழக்கு நீளும் என்பதை எந்த ஊர்க் கோர்ட்டு வாசலில் நின்றவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காகிதத்தில் என்ன இருக்கிறது

திட்டம் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டு அக்டோபர் 29 அன்று தொடங்கியது. வீடு முழுதாக எரிந்தவர், பாதி எரிந்தவர், புகையும் சாம்பலும் புகுந்து வீடு பாழானவர், வாடகைக்கு இருந்தவர், கடை வைத்திருந்தவர், காயம்பட்டவர், இறந்தவரின் குடும்பத்தார் எல்லோரும் விண்ணப்பிக்கலாம். ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்தால் 90 நாளில் தொகை சொல்லப்படும். ஒப்புக்கொண்டால் 30 நாளில் பணம். தீக்கு எடிசன்தான் காரணம் என்ற ஒப்புதல் இதில் கிடையாது. பணத்தை வாங்குபவர் எடிசன் மீது வழக்காடும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும்.

எடிசன் காட்டிய மாதிரிக் கணக்கு இது: 1,500 சதுர அடி வீடு முழுதாக எரிந்திருந்தால், திரும்பக் கட்ட 9 லட்சம் டாலர். அதாவது சதுர அடிக்கு 600 டாலர். அதற்கு மேல், நேராக எங்களிடமே முடித்துக்கொள்கிறீர்கள் என்பதற்காக இன்னொரு 2 லட்சம். மன வேதனைக்குத் தனியாக, பெரியவர்களுக்கு ஒரு தொகை, குழந்தைகளுக்கு ஒரு தொகை. அந்த 2 லட்சத்துக்கு எடிசன் நயமான பெயர் ஏதோ வைத்திருக்கிறது. நான் வைக்கும் பெயர்: வழக்குப் போடாமலிருப்பதற்கான கூலி.

9 லட்சம் என்றதும் கண் விரிகிறது. அடுத்த வரியைப் படித்தால் சுருங்கும். காப்பீட்டில் கிடைக்கும் தொகை அதிலிருந்து கழிக்கப்படும். ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதே 1,500 சதுர அடி வீடு. கட்டடத்துக்குக் காப்பீடு 6 லட்சம். திட்டம் கட்டுமானத்துக்குத் தருவது மீதி 3 லட்சம். கூடவே அந்த 2 லட்சக் கூலியும் மன வேதனைத் தொகையும். முறையாகப் பிரீமியம் கட்டி வந்தவர், காப்பீடே எடுக்காத பக்கத்து வீட்டுக்காரரைவிடக் குறைவாகப் பெறுகிறாரே என்று இங்கே பலருக்கு எரிகிறது. ஒரே நட்டத்துக்கு இரண்டு தடவை பணம் கிடையாது என்பது சட்டத்தில் நிற்கும் வாதம்தான். ஆனாலும் இருபது வருடம் பிரீமியம் கட்டியவருக்கு, தன் பணத்தில் எடிசன் தள்ளுபடி வாங்குவதுபோலத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

காப்பீட்டுப் பணம் ஒழுங்காக வந்தால்கூடப் பரவாயில்லை. புகை புகுந்த வீடுகள் விஷயத்தில் பெரும் இழுபறி. ஆல்டடினாவின் பழைய வீடுகளில் ஈயம் கலந்த பெயிண்டும் ஆஸ்பெஸ்டாஸும் சகஜம். அவை எரிந்த சாம்பல் எரியாத வீடுகளுக்குள்ளும் படிந்தது. துடைத்தால் போதும் என்பார் காப்பீட்டு மதிப்பீட்டாளர். குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிக் குடியேறுவது என்பார் வீட்டுக்காரர். வேறெங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்குக் கடைசிப் புகலிடமான ஃபேர் பிளான் அமைப்பு, கண்ணுக்குத் தெரிகிற, மூக்குக்கு எட்டுகிற சேதம் இருந்தால்தான் புகைக்குப் பணம் என்று வைத்திருந்த விதி சட்டவிரோதமானது என்று 2025 ஜூனில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். பாலிசிதாரர்களுக்கு நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கு இந்தத் தீயைப் பற்றியதே அல்ல. அதற்கு முன்பே தொடங்கியது.

வக்கீல் கட்டணம் இன்னொரு முடிச்சு. அமெரிக்காவில் இத்தகைய வழக்குகளில் வக்கீல்கள் முன்பணம் வாங்குவதில்லை. கிடைப்பதில் பங்கு, பொதுவாக மூன்றில் ஒன்று அல்லது அதை ஒட்டி. எடிசன் திட்டம் வக்கீல் செலவுக்கென்று கூடுதலாகத் தருவது 10 விழுக்காடு. தீ அணைந்த வாரமே வக்கீலிடம் ஒப்பந்தம் போட்டவர் இப்போது திட்டத்தில் சேர்ந்தால், இடைவெளியைத் தன் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். 6 லட்சத்துக்குத் தீர்ந்தால் மூன்றிலொரு பங்கு 2 லட்சம். திட்டம் தருவது 60,000. இதனால்தான் திட்டத்தை ஏற்காதீர்கள் என்று வக்கீல்கள் சொல்லும்போது மக்கள் சற்றுத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்கள். எடிசன் சொல்வதையும் அதே சாய்வில் பார்க்க வேண்டும். இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து அறிவுரை சொல்லும் யாருக்கும் சொந்த லாபம் இல்லாமலில்லை.

பணம் யாருடையது

மின் நிறுவனம் ஏன் தீர்ப்புக்கு முன்பே பணம் கொடுக்க ஓடி வருகிறது? அதற்குக் கலிஃபோர்னியாவின் விசித்திரமான ஏற்பாடு ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அரசு ஒருவர் நிலத்தைப் பொதுத் தேவைக்கு எடுத்தால் ஈடு தர வேண்டும். அதையே திருப்பிப் போட்ட கொள்கை ஒன்று அந்த மாநிலச் சட்டத்தில் இருக்கிறது: பொதுத் தேவைக்கான ஓர் அமைப்பு ஒருவர் சொத்தைச் சேதப்படுத்தினாலும் கையகப்படுத்தியதுபோலத்தான், ஈடு தந்தாக வேண்டும். தனியார் மின் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 1999-இல் வந்த அந்த முக்கியத் தீர்ப்பில் தோற்ற கட்சியும் இதே எடிசன்தான். இதன்படி நிறுவனம் கவனக்குறைவாக இருந்ததா என்றே பார்க்க வேண்டாம். தீயைக் கிளப்பியது அதன் கம்பி என்று நிரூபித்தால் சொத்துச் சேதத்துக்குப் பொறுப்பு வந்துவிடும். மன வேதனை, உயிரிழப்பு, தண்டனையாக விதிக்கும் அபராதத் தொகை ஆகியவற்றுக்குத்தான் கவனக்குறைவையோ அதைவிட மோசமானதையோ நிரூபிக்க வேண்டும்.

இந்தச் சுமை தங்களை மூழ்கடிக்கும் என்று மின் நிறுவனங்கள் வெகுகாலமாகப் புலம்பிவந்தன. சான் டியேகோ மின் நிறுவனம் 2007 தீக்களுக்காகச் செலவழித்த 37.9 கோடி டாலரை வாடிக்கையாளர்களிடம் வசூலிக்க 2017-இல் அனுமதி மறுக்கப்பட்டது. பி.ஜி.இ. என்று அழைக்கப்படும் பசிஃபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக், 2019 ஜனவரியில் திவால் மனுப் போட்டது. அந்த ஆண்டே சட்டமன்றம் 2,100 கோடி டாலர் காட்டுத்தீ நிதி ஒன்றை உண்டாக்கியது. பாதியை மூன்று பெரிய மின் நிறுவனங்கள் தங்கள் பங்குதாரர் பணத்திலிருந்து போட வேண்டும். மறுபாதி வாடிக்கையாளர்களிடமிருந்து. 2001 மின் நெருக்கடிக் காலத்தில் ரசீதில் ஏறிய ஒரு கட்டணம் தீரவேண்டிய நேரத்தில், அதையே பெயர் மாற்றி 2035 வரை நீட்டித்தார்கள். ஈட்டன் தீ ஒன்றே அந்த நிதியைத் துடைத்துவிடும் என்ற பயம் வந்ததும், 2025 செப்டம்பரில் இன்னொரு 1,800 கோடிக்குச் சட்டம் வந்தது. அதிலும் பாதி வாடிக்கையாளர் தலையில்.

இனி எடிசனின் பையைப் பார்ப்போம். முதல் 100 கோடி டாலர் காப்பீட்டிலிருந்து; அந்தக் காப்பீடும் வாடிக்கையாளர் கட்டணத்தில் கட்டியது. அதற்கு மேல் காட்டுத்தீ நிதி. நிறுவனம் விவேகமின்றி நடந்தது என்று ஒழுங்குமுறை ஆணையம் கண்டால் மட்டுமே நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கும் உச்சவரம்பு உண்டு, எடிசனுக்குச் சுமார் 400 கோடி. செல்லுபடியாகும் பாதுகாப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் விவேகமாகவே நடந்தது என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள்; இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பாடு. 2017 தாமஸ் தீ இந்த நிதிக்கு முந்தையது. அதற்காக எடிசன் கணக்குக் காட்டிய 270 கோடியில் சுமார் 160 கோடியை வாடிக்கையாளர்களிடம் வசூலித்துக்கொள்ள ஆணையம் அனுமதி கொடுத்தது 2025 ஜனவரியில். ஈட்டன் தீயின் புகை அடங்கியும் அடங்காமலும் இருந்த நாட்கள் அவை.

ஆக, தாராளம் காட்டுவதில் எடிசனுக்கு வருத்தம் அதிகமில்லை. வழக்குகள் நடுவர் குழுவரை (ஜூரிவரை) போய், கவனக்குறைவு பற்றிய ஆதாரங்கள் நாள்தோறும் செய்தியாவதில்தான் வருத்தம். ஒவ்வொரு கையெழுத்தும் அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலியைக் காலி செய்கிறது. இதைச் சொன்னால் எடிசன் தரப்பில், நிதி தீர்ந்துபோகாமல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டாமா, வக்கீலுக்கும் வட்டிக்கும் போகும் பணம் மக்களுக்குப் போகட்டுமே என்பார்கள். அதுவும் உண்மைதான்.

என் பார்வையில் பேரத்தின் நரம்பு இங்கே ஓடுகிறது. சொத்துச் சேதம் என்ற பாகத்தை எடிசன் ஓரளவு நியாயமான விலைக்குக் கேட்கிறது. அதை எப்படியும் கொடுத்தாக வேண்டியிருக்கும் என்று அதற்குத் தெரியும். கவனக்குறைவு என்ற பாகத்துக்கு விலை என்ன என்பதை அந்த 2 லட்சமும் மன வேதனைத் தொகையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. அந்தப் பாகத்தின் மதிப்பு, கழற்றாமல் விட்ட கம்பியைப் பற்றி எடிசன் அலுவலகக் கோப்புகளில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாங்குபவர் அந்தக் கோப்புகளைப் படித்திருக்கிறார். விற்பவர் படித்ததில்லை.

காத்திருந்தவர்களின் கதை

காத்திருந்தால் பலாப்பழம் நிச்சயம் என்று நினைப்பவர்களுக்குப் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரை நினைவூட்ட வேண்டும். 2018 நவம்பர் 8 அன்று, ஏறக்குறைய நூறு வருடம் பழமையான மின்கோபுரம் ஒன்றில் தேய்ந்துபோன கொக்கி முறிந்து, பி.ஜி.இ. கம்பி கிளப்பிய தீயில் 85 பேர் இறந்தார்கள். 84 பேரின் சாவுக்கு நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இதைவிடத் தெளிவான வழக்கு இருக்க முடியாது. என்ன ஆயிற்று? நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் எல்லா வழக்குகளும் அங்கே முடங்கின. பல தீக்களைச் சேர்ந்த சுமார் 70,000 பேருக்கு 1,350 கோடி டாலர் என்று ஓர் அறக்கட்டளை. அதில் பாதி ரொக்கம். மீதி பாதி, அவர்கள் வீட்டை எரித்த அதே நிறுவனத்தின் பங்குகள். அந்தப் பங்கு, ஒப்பந்தத்தில் கணக்கிட்ட விலைக்குக் கீழேயே நெடுநாள் கிடந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் 1,100 கோடியை ரொக்கமாக வாங்கிக்கொண்டு போய்விட்டன. வீடிழந்தவர்கள் பங்குச் சந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆறு வருடம் கழித்து அவர்களுக்குக் கிடைத்தது, ஒப்புக்கொண்ட தொகையில் சுமார் 70 விழுக்காடு.

2019-இன் காட்டுத்தீ நிதி அப்படியொரு திவால் மறுபடி வராமலிருக்கத்தான் உண்டானது. ஆகவே ஆல்டடினாவுக்கு அதே கதி என்று பயமுறுத்துவது சரியல்ல. பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆரிகன் மாநிலக் கதை நேர் எதிர்த் திசையில் போகிறது. 2020 செப்டம்பர்க் காற்றில் மின்சாரத்தை நிறுத்தாத பசிஃபிகார்ப் நிறுவனம் கடும் கவனக்குறைவாக நடந்தது என்று 2023 ஜூனில் நடுவர் குழு சொன்னது. நிறுவனம் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் குழுமத்துடையது. அடுத்த ஜனவரியில் ஒன்பது பேருக்கு மட்டும் நடுவர்கள் விதித்தது 6 கோடி டாலருக்கு மேல்; அபராதத்தையும் சேர்த்தால் 8 கோடியைத் தாண்டும். ஆளுக்குச் சராசரி எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் எடிசனின் மாதிரிக் கணக்கு சில்லறையாகத் தெரியும். ஆனால் அங்கே நட்டத்தைப் பத்துப் பத்துப் பேராகக் கூப்பிட்டுத்தான் கணக்கிட்டார்கள். வரிசையில் நின்றவர்களோ ஆயிரக்கணக்கில். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. தீர்ப்பு வேறு, பணம் வேறு.

ஹவாயில் லஹைனா ஊர் 2023 ஆகஸ்டில் எரிந்து 102 பேர் இறந்தபோது இரண்டும் நடந்தன. முதலில் இறந்தோர் குடும்பங்களுக்கும் பலத்த காயம்பட்டோருக்கும் 17.5 கோடி டாலரில் ஒரு நிதி: ஓர் உயிருக்கு 15 லட்சம், வழக்கில்லை என்ற கையெழுத்தோடு. ஒரு வருடத்தில், எல்லோருக்குமாகச் சுமார் 400 கோடிக்கு ஒட்டுமொத்தச் சமரசம். அதில் ஏறக்குறைய பாதி ஹவாயன் எலக்ட்ரிக் தருவது. அந்தத் தொகையில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் நின்றன. மாநில உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் அவற்றின் வழியை அடைத்த பிறகே பாதை திறந்தது. ஹவாயன் எலக்ட்ரிக்குக்குப் பின்னால் கலிஃபோர்னியாவைப் போன்ற நிதி அப்போது இல்லை. நசுக்கிப் பிழிந்தால் நிறுவனமே போய்விடும் என்ற பயம் எல்லாத் தரப்பையும் மேசைக்கு இழுத்துவந்தது. எடிசன் மேசையில் அந்தப் பயம் இல்லை.

எடிசன் திட்டத்தை வடிவமைக்க உதவியவர் கென்னத் ஃபைன்பெர்க். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு அரசு அமைத்த இழப்பீட்டு நிதியை நடத்தியவர். இறந்தவர்களின் குடும்பங்களில் 97 விழுக்காடு வழக்கை விட்டு அதில் சேர்ந்தன. அந்தப் பெயர் தரும் நம்பிக்கையும் எடிசன் வாங்கிய சரக்கில் ஒரு பகுதிதான். அவரே 2010-இல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவுக்கு பி.பி. நிறுவனம் ஒதுக்கிய 2,000 கோடி டாலரைப் பங்கிட்டபோது, பி.பி.யிடமிருந்து முழுக்கச் சுதந்திரமானவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று ஒரு நீதிபதி உத்தரவு போட வேண்டி வந்தது. சம்பளம் தருவது யார் என்ற கேள்வி ஆல்டடினாவிலும் எழுந்தது, பதில் மாறவில்லை.

கையெழுத்து எவ்வளவு இறுதியானது என்பதற்கு நமக்கு அமெரிக்க உதாரணம் தேவையில்லை. போபாலுக்கு 1989-இல் பேசி முடித்த தொகை 47 கோடி டாலர். குறைவு, கூட்டித் தர வேண்டும் என்று இந்திய அரசே போட்ட மனு 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது.

வாடகை மீட்டர்

இத்தனை கணக்கையும் ஆற அமர யோசிக்க நேரம் இருந்தால் நல்லதுதான். அந்த நேரம் மீட்டர் வைத்து ஓடுகிறது. வீடிழந்தவரின் வாடகையைக் காப்பீடு கொடுக்கும். பேரிடர் அறிவித்த இடங்களில் குறைந்தது 24 மாதம் கொடுக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். ஆனால் பாலிசியில் எழுதியிருக்கும் தொகை அதற்கு முன்பே தீர்ந்தால் அவ்வளவுதான். ஒரே இரவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாடகை வீடு தேடிய ஊரில் அந்தத் தொகை எவ்வளவு நாள் தாங்கும்? ஈட்டன் தீயில் தப்பியவர்களின் கூட்டமைப்பு ஒன்று எடிசனிடம் கேட்டதும் இதைத்தான். குடும்பத்துக்கு 2 லட்சம் டாலர்வரை குடியிருக்க முன்பணமாகக் கொடுங்கள், வழக்கின் முடிவில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். எடிசன் ஒப்பவில்லை. ஒப்பியிருந்தால் மீட்டர் நின்றிருக்கும். மீட்டர் நின்றால் திட்டத்தில் சேரும் அவசரமும் நின்றிருக்கும்.

எரிந்த மனைகளில் ‘ஆல்டடினா விற்பனைக்கல்ல’ என்ற பலகைகள் நட்டிருக்கிறார்கள். பலகைக்கு அடுத்த மனை விற்றுப்போயிருக்கிறது. திரும்பக் கட்டப் பணம் இல்லாத முதியவர் முன் மூன்று வழிகள்: மனையை விற்பது, எடிசனிடம் கையெழுத்துப் போட்டுக் கட்டத் தொடங்குவது, இரண்டும் செய்யாமல் மகன் வீட்டு மாடியில் வழக்குக்குக் காத்திருப்பது. இரண்டாவது வழியை அவர் எடுத்தால் ஏமாந்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். காப்பீடு போதாத எழுபது வயதுக்காரருக்கும், சுவர் நிற்கிற, புகை மட்டும் புகுந்த வீட்டுக்காரருக்கும் இந்தத் திட்டம் பல சமயம் நல்ல பேரமாகவே அமையும். போதுமான காப்பீடு இருந்து, அது கழிந்துபோனால் கையில் சொற்பமே மிஞ்சும் நடுத்தர வயதுக் குடும்பத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. உயிரைப் பறிகொடுத்த குடும்பங்களுக்குக் கணக்கே வேறு. அவர்களில் சிலருக்குத் தொகையைவிட, ஏன் என்ற கேள்விக்குப் பொது இடத்தில் பதில் வேண்டும். அது எந்தத் திட்டத்திலும் கிடைக்காது.

நடைமுறையில் ஒரு விஷயம் பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. விண்ணப்பம் போடுவதாலேயே உரிமை போய்விடாது. தொகையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால்தான் போகும். எனவே விண்ணப்பித்து, தன் வீட்டுக்கு எடிசன் போடும் விலை என்ன என்று பார்த்துவிட்டு, அதை வழக்குக் கணக்கோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். வேண்டாம் என்றால், உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் வழக்குப் போட மாநிலச் சட்டம் தரும் அவகாசம் தீ நாளிலிருந்து இரண்டு வருடம், சொத்துச் சேதத்துக்கு மூன்று. முதல் அவகாசம் 2027 ஜனவரி முதல் வாரத்தில் முடிகிறது. அதற்குள் விசாரணை தொடங்கியிருக்காது.